குழாயடி வெங்காயம்

றமழான் மாதம், நோன்பு பதினாறு. காலை எட்டு மணி இருக்கும். தவராசா மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு, நேரே என் வெங்காயப் பாத்திக்கு வந்து குந்தினார்.

செடியை இழுத்துப் பார்க்கவில்லை. தாளைத் தடவிப் பார்க்கவில்லை. பாத்தியில் இருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து, கையை இறுக மூடி, பிறகு திறந்தார். மண் உருண்டையாக நின்றது.

கல்முனைக்குடியில் எங்கள் வீடு கடலுக்குக் கிட்ட. மண் என்று சொல்வதே மரியாதைக்குத்தான், முக்கால்வாசி மணல். காய்ந்திருந்தால் விரலிடுக்கால் ஓடிவிடும். உருண்டையாக நிற்கிறது என்றால், உள்ளே ஆரோ தண்ணீர் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"இதுக்கு ஆர் காக்கா தண்ணி ஊத்துற?" என்னைக் காக்கா, அதாவது அண்ணன் என்றுதான் அவர் கூப்பிடுவார்.

"ஒருத்தரும் ஊத்தல்ல" என்றேன்.

"நாலு நாளைக்கு முன்னயே நிப்பாட்டச் சொன்னன் என்ன?"

"சொன்ன நீங்கதான். நானும் ஊத்தல்ல, றமீஸாவும் ஊத்தல்ல."

முப்பது வருடம் பத்திரிகையில் வேலை பார்த்தவன் நான். நான் சொன்ன அந்த வாக்கியத்தில் ஒரு சொல்லைக்கூட மறுக்க முடியாது. நானோ என் மனைவி றமீஸாவோ, வாளி எடுத்து ஒருவரும் ஊற்றவில்லைதான். ஆனால் அதைச் சொல்லும்போதே என் கண் பாத்திக்கு மேற்குப் பக்கம் இருந்த குழாயடிக்குப் போய்விட்டது. ஈரம் காயாத சீமெந்துத் தரை. அதைச் சுற்றி நாலைந்து பிளாஸ்டிக் ஸ்டூல்கள். தகவல் சரி, செய்தி பிழை... எங்கள் தொழிலில் இதற்குத் தனிப் பெயர் இல்லை. ஆனால் எல்லோரும் ஒருமுறையாவது செய்திருப்போம்.

தவராசாவும் குழாயடியைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கையைத் தட்டிக்கொண்டு எழும்பினார்.

"இனிப் பத்துப் பன்ரெண்டு நாளைக்குத் தண்ணி படப்படாது காக்கா. பட்டா மேல தாள் வடிவா இரிக்கும். கீழ ஒண்டும் இராது."

போய்விட்டார்.

ஒரு வெங்காயப் பாத்திக்கு இவ்வளவு பதற்றமா என்று கேட்கிறீர்களா? நியாயம்தான். என் வெங்காயம் என்றால் நானும் பதறியிருக்க மாட்டேன்.

தவராசா காரைதீவுப் பக்கத்தில் வயலோரமாக மேட்டுத் துண்டு ஒன்றில் சின்ன வெங்காயம் செய்பவர். கல்முனைச் சந்தைக்கு அவர் கொண்டுவரும் வெங்காயத்தைத்தான் நாங்கள் பதினைந்து வருடமாக வாங்குகிறோம். வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகு நானும் ஒரு பாத்தி போட்டுப் பார்க்கலாம் என்று ஆசைப்பட்டேன். ஐப்பசியில் அவரிடம் கேட்டேன். தன் விதைவெங்காயத்தில் ஒரு சிறிய சாக்கு நிறையத் தந்தார். மழை விடட்டும், பிறகு நடுங்கள் என்றார். நான் அதைப் பிடி பிடியாகக் கட்டி விறாந்தையில் தொங்கவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் வெள்ளம் வந்தது.

தவராசாவின் கொட்டிலுக்குள் மூன்று நாள் தண்ணீர் நின்றது. கொட்டிலில் தொங்கிய விதை எல்லாம் அழுகிவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு எனக்குத் தொலைபேசியில் கதைத்தார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. நான் தந்தது இருக்கிறதா, கறிக்கு எடுத்துவிட்டீர்களா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். பிறகு சொன்னார், இனி அதுதான் தன்னிடம் மிஞ்சிய விதை என்று.

திருப்பித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். அவருடைய நிலம் இன்னும் சேறு. காய்வதற்கு மாசி ஆகும். அதற்குள் விதை முளைவிட்டு வீணாகிவிடும். உங்கள் மணலில் நடுங்கள், எடுத்த பிறகு விதையை எனக்குத் தாருங்கள், வைகாசியில் நான் நடுகிறேன் என்றார்.

விதை வெளியில் வாங்க முடியாதா? முடியும். ஒரு முறை வாங்கியும் பார்த்திருக்கிறார். எங்கிருந்தோ வந்த அந்த வெங்காயம் அவருடைய மண்ணில் பாதிக்கு மேல் அடி அழுகிப் போனது. அந்த மண்ணில் நின்று பிடிக்கிறது அவருடைய வெங்காயம் ஒன்றுதான். அது இல்லையென்றால் இந்தப் போகம் அந்தத் துண்டு சும்மா கிடக்கும்.

ஆகவே, ஒரு மனிதருடைய ஒரு போகம் என் வளவில் பன்னிரண்டு வரிசையில் நின்றது. தைப்பொங்கலுக்கு முந்திய வாரம் நட்டேன். விரற்கடை அளந்து, கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி.

வளவு என்று சொன்னேன். எங்கள் ஊரில் வளவு என்பது சுவருக்கும் சுவருக்கும் நடுவில் மிஞ்சிய இடம். வெயில் விழும் துண்டு ஒன்றே ஒன்றுதான் இருந்தது, குழாயடிக்குக் கிழக்கே. அதுவே வாய்ப்பாகவும் பட்டது. தொழுகைக்கு முன் வுழூச் செய்ய, அதாவது கை, வாய், முகம், கால் கழுவ, நாங்கள் பாவிப்பது அந்தக் குழாயைத்தான். சவர்க்காரம் படாத தண்ணீர். அது இவ்வளவு காலமும் மதிலோரமாக ஓடி வீணாகப் போனது. நான் சீமெந்துத் தரையின் ஓரத்தைக் கொத்தி, ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி, பாத்திக்குத் திருப்பிவிட்டேன். நானும் றமீஸாவும் ஐந்து நேரம் வுழூச் செய்தால் வெங்காயத்துக்கு ஒரு நாள் தண்ணீர். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

இந்த ஏற்பாட்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன்.

மார்கழியில் போட்ட திட்டம். நோன்பு மாசியில் வருகிறது என்று சுவரில் தொங்கும் கலண்டரில் இருந்தது. நானும் பார்த்தேன். நோன்பு ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முந்தி வரும். இந்த வருடம் அது வெங்காயம் காய வேண்டிய நாட்களில் வந்து நின்றது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

நோன்பு மாதத்தில் எங்கள் தெருப் பெண்கள் இரவில் தராவீஹ் என்ற நோன்பு காலத் தொழுகையைத் தொழுவது எங்கள் வீட்டு மண்டபத்தில். பதினெட்டு வருடமாக அப்படித்தான். இருபத்தைந்து பேராவது வருவார்கள். வுழூச் செய்வது அதே குழாயில். அந்த நேரம் நான் பள்ளிவாசலில் நிற்பேன். என் வீட்டுக் குழாயடி அப்போது எப்படி இருக்கும் என்று பதினெட்டு வருடத்தில் நான் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. ஊரெல்லாம் செய்தி எடுத்தவன்!

தவராசா போன பிறகு கணக்குப் போட்டேன். குழாயைத் திறந்துவிட்டு வுழூச் செய்து, கீழே ஒரு வாளி வைத்தும் பார்த்தேன். அரை வாளிக்கு மேல் வந்தது. ஒருவருக்கு. அதை இருபத்தைந்தால் பெருக்குங்கள்.

வெட்டிய வாய்க்காலை மூடினேன். போதவில்லை. அவ்வளவு தண்ணீருக்கு வாய்க்கால் தேவையில்லை, தரை மட்டமே பாத்திப் பக்கம் சாய்வு. பழைய பிவிசி குழாயை நீளவாட்டில் அறுத்து, தண்ணீரை மதில் பக்கம் கொண்டுபோகப் பீலி மாதிரி வைத்தேன். மறுநாள் காலை அது கவிழ்ந்து கிடந்தது. இருபத்தைந்து பேர் நடமாடும் இடம், கால் படாதா? கல் வைத்தேன். கல்லுக்குப் பக்கத்தால் தண்ணீர் ஓடியது.

றமீஸாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது என்கிறீர்களா? அங்கேதான் சிக்கல்.

முதலாவது, இது றமீஸாவின் வீடு. எங்கள் கிழக்குக் கரையில் வீடு பெண்ணுக்குக் கொடுக்கும் சீதனம். ஆண்கள் எல்லோரும் குடிவந்தவர்கள். குழாயும் அவருடையது, அங்கே வருபவர்களும் அவருடைய விருந்தாளிகள். தொழ வருபவர்களைப் பார்த்து, என் வீட்டில் கால் கழுவாதீர்கள் என்று அவர் எப்படிச் சொல்வார்? சொல்லும்படி நான் எப்படிக் கேட்பேன்? இரண்டாவது, விதை தவராசாவுடையது என்றே நான் றமீஸாவிடம் சொல்லியிருக்கவில்லை. பெருநாள் கறிக்கு நம் வீட்டு வெங்காயம் என்று பெருமையடித்திருந்தேன். அதற்குப் பிறகு மாற்றிச் சொல்ல நேரம் வரவில்லை. நேரம் வரவில்லை என்பது சரியல்ல, நான் எடுக்கவில்லை.

ஆகவே நான் வேறொன்று செய்தேன்.

நோன்பு பதினெட்டு. நோன்பு திறந்து, அந்தி நேர மஃரிப் தொழுது, இரவு இஷாவுக்குப் பள்ளிவாசலுக்குப் புறப்படும் முன், தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் போய் வால்வை இறுகப் பூட்டினேன். குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் வீட்டுக்குப் போய் வுழூச் செய்துகொண்டு வருவார்கள். எல்லாம் பக்கத்து வீடுகள்தானே.

வந்தவர்கள் அப்படிச் செய்யவில்லை. குழாயடிக்குப் பக்கத்துக் கிணற்றில் வாளியைப் போட்டு அள்ளினார்கள். ஒருவர் அள்ள, ஒருவர் ஊற்ற, ஒருவர் கழுவ. குழாயில் இருந்து வந்தால் கம்பியளவு. வாளியில் இருந்து வந்தால்? காலையில் எழும்பிப் பார்த்தேன். அந்த வருட வெள்ளத்தின் சின்னப் பிரதி ஒன்று என் பாத்தியில் நின்றது.

றமீஸா பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கஞ்சிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். துருவுவதை நிறுத்தாமலே கேட்டார்.

"வால்வ ஆர் பூட்டின?"

"நான்தான்."

"என்னத்துக்கு?"

"வெங்காயத்துக்கு."

துருவுவது நின்றது.

"தொழ வந்த பொண்டுகளுக்குத் தண்ணிய மறிச்ச நீங்க. வெங்காயத்துக்கு."

அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். "சுபைதா ராத்தா முழங்கால் ஏலாத மனிசி. கிணத்துக் கட்டுல ஏறி அள்ளின. அதயும் கேட்டுக்குங்க."

கேட்டுக்கொண்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கொட்டிலுக்குள் நின்ற தண்ணீர், தொலைபேசியில் அவர் கேட்டது, வைகாசி, உருண்டையாக நின்ற மண். "ஒருத்தரும் ஊத்தல்ல" என்று நான் சொன்னதையும் சேர்த்து.

றமீஸா துருவிய தேங்காயைச் சட்டியில் கொட்டினார்.

"பேப்பர்ல ஊருக்கெல்லாம் சொன்ன நீங்க" என்றார். "இத எனக்கிட்டச் சொல்ல ஒங்களுக்கு ஒரு வாய் வரல்ல."

அன்றைக்கு எனக்குக் கஞ்சியில் உப்புக் குறைவாக இருந்தது போலப் பட்டது. கேட்கவில்லை.

அன்று தொழுகைக்கு முன் அவர் பெண்களிடம் என்ன சொன்னார் என்று நான் அங்கே இருந்து கேட்கவில்லை. பிறகு அவரே சொன்னார், இரண்டு வசனம்தான் என்று. குழாய்க்குப் பக்கத்தில் நிற்பது ஒரு மனிசனுடைய விதை, வெள்ளத்தில் மற்றதெல்லாம் போய்விட்டது. தண்ணீர் பட்டால் இதுவும் போகும். கழுவாதீர்கள் என்று சொல்லவில்லையாம். அதைச் சொல்லத் தேவை வரவில்லை.

தெருவுக்கே அக்காவான சுபைதா ராத்தாதான் முதலில் கதைத்திருக்கிறார். "அதுக்கா ஒங்கட மனிசன் வால்வப் பூட்டின? வாயத் தொறந்து சொன்னா நோன்பு முறியுமா அவருக்கு?"

எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். நான் பள்ளியில் மூன்றாவது வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாளில் இருந்து எல்லோரும் வீட்டிலேயே வுழூச் செய்துகொண்டு வந்தார்கள். சுபைதா ராத்தாவுக்கு மட்டும் மூக்கு வைத்த ஒரு கெண்டியும், கழுவிய தண்ணீரைப் பிடிக்க ஒரு பேசினும். அவர் ஸ்டூலில் இருந்தபடி கெண்டித் தண்ணீரில் வுழூவை முடிப்பார். பேசினில் விழுந்ததைத் தென்னைக்கு ஊற்றுவார்கள். குழாயில் அரை வாளி கேட்ட அதே வேலை, ஒரு கெண்டியில் முடிந்து மிச்சமும் இருந்தது.

ஒரு நாள் நான் வேண்டுமென்றே பள்ளிக்குக் கொஞ்சம் பிந்திப் புறப்பட்டேன். அந்தக் காட்சியை ஒரு முறையாவது பார்க்க வேண்டும் போல இருந்தது. பெண்கள் எல்லோரும் வுழூவோடுதான் வந்திருந்தார்கள். குழாய் பூட்டியிருந்தது. ஆனாலும் நேரே மண்டபத்துக்குள் போகவில்லை. காய்ந்த குழாயடியில், அதே ஸ்டூல்களில், பத்து நிமிடம் இருந்து கதைத்தார்கள். நோன்பு திறந்த பாத்திரம் கழுவி, பிள்ளைகளுக்குச் சோறு வைத்து, அடுத்தது தொழுகை. நடுவில் அவர்களுக்கு இருந்தது அந்தப் பத்து நிமிடம்தான். நான் வால்வைப் பூட்டி நிறுத்தப் பார்த்தது தண்ணீரை மட்டும் அல்ல.

என்னைக் கண்டதும் சுபைதா ராத்தா சொன்னார், "வாங்க. ஒங்கட வெங்காயத்துக்குக் காவலுக்கு இரிக்கம்."

நான் பள்ளிக்குப் போய்விட்டேன்.

பாத்தி மெல்லக் காய்ந்தது. நோன்பு இருபத்தி மூன்றில் மண் கையில் நிற்காமல் ஓடியது. இருபத்தைந்தில் தாள்கள் மஞ்சளாகி, கழுத்து மடிந்து, ஒரே பக்கமாகச் சாய்ந்தன. கிழக்குப் பக்கம் எட்டு வரிசை அப்படி. குழாயடிக்குக் கிட்ட இருந்த நாலு வரிசை மட்டும் பச்சையாக, நிமிர்ந்து, பார்வைக்கு மிக அழகாக நின்றது. தவராசா சொன்னது நினைவிருக்கிறதா?

இருபத்தெட்டாம் நோன்பு காலையில் அவர் வந்தார். வெற்றிலை போடுகிற மனிதர், அன்று போடவில்லை. றமீஸா தேத்தண்ணீர் ஊற்றவா என்று கேட்டார். நோன்பு உங்களுக்கில்லையே என்று சொல்லியும் பார்த்தார். வேண்டாம் ராத்தா என்றுவிட்டு வேலையைத் தொடங்கினார்.

எட்டு வரிசையும் கொத்துக் கொத்தாக, செம்மண் நிறத்தில், சத்தமில்லாமல் வந்தன. பச்சையாக நின்ற நாலு வரிசையில் கையோடு வந்தது தாள் மட்டும். அடி கூழாகி மண்ணுக்குள்ளேயே நின்றது. மணத்தைச் சொல்லத் தேவையில்லை.

அவர் அழுகலைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"தம்பி, அண்டைக்கு நான் சொன்னது சரியில்ல" என்றேன். "தண்ணி பட்டது. குழாயடியால."

"தெரியும் காக்கா."

"எப்ப தெரியும்?"

"அண்டைக்கே தெரியும். ஸ்டூலெல்லாம் கிடந்ததே." ஒரு கொத்தைத் தட்டி மண்ணை உதிர்த்தார். "நோன்பு மாசம். தொழுகிற பொண்டுகள் கழுவுற தண்ணி. அத நான் என்னெண்டு வேணாமெண்டு சொல்லுற?"

யோசித்துப் பாருங்கள். அவர் எங்கள் தொழுகைக்கு மரியாதை கொடுத்துச் சொல்லாமல் விட்டார். நான் றமீஸாவின் விருந்தாளிகளுக்கு மரியாதை கொடுத்துச் சொல்லாமல் விட்டேன்... கொஞ்சம் என் மரியாதைக்காகவும். வீட்டு விருந்தாளிகளுக்கோ விசயமே தெரியாது. தெரிந்த மறுநாளே அவர்கள் வீட்டில் கழுவிக்கொண்டு வந்தார்கள். இந்த மரியாதையெல்லாம் சேர்ந்து தின்றது நாலு வரிசை வெங்காயம். சமூகங்கள் ஒன்றோடு ஒன்று மரியாதையாக இருக்க வேண்டும் என்று நான் எத்தனையோ கட்டுரை எழுதியிருக்கிறேன். இடைக்கிடை கதைக்கவும் வேண்டும் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

தவராசா விறாந்தையில் சாக்கை விரித்து வெங்காயத்தைப் பிரித்தார். நான் பெரிதாகப் பார்த்து ஒரு பக்கம் எடுத்து வைத்தேன், விதைக்கு என்று. அவர் அதை அப்படியே தள்ளினார்.

"பெரிசு கறிக்கு. விதைக்கு இதுமாதிரி." நடுத்தரமான ஒன்றை எடுத்து, காய்ந்த கழுத்தைப் பெருவிரலால் அழுத்திக் காட்டினார். இறுக்கமாக இருந்தது.

பிரித்து முடிந்ததும் எனக்குக் கேட்க வேண்டியிருந்தது ஒன்றுதான், இது போதுமா என்று. "காணுமா?"

அவர் குவியலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். முழுத் துண்டுக்கும் காணாது. பாதிக்குக் காணும். அதில் எடுத்துத் திரும்பப் போட்டால் அடுத்த வருடம் முழுதும் நடலாம். மறுபாதியில் இந்த முறை கச்சான், அதாவது நிலக்கடலை, போடுவதாகச் சொன்னார். போகம் முழுதாகப் போகவில்லை, பாதி தப்பியது. அதை அவர் சாதாரணமாகச் சொன்னார். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

பெரிய வெங்காயங்களை றமீஸா சுளகில் எடுத்துக்கொண்டு போனார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தெருவில் தராவீஹுக்கு வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கைப்பிடி, பெருநாள் கறிக்கு.

அவர் திரும்பி வரும்போது தவராசா விதையை இரண்டு பங்காக்கி, தாளோடு சேர்த்துப் பிடி பிடியாகக் கட்டி வைத்திருந்தார். ஒரு பங்கைச் சாக்கில் போட்டார். மற்றதைத் தூக்கினார். நான் கையை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போய் றமீஸாவிடம் கொடுத்தார்.

"இது ஒங்களுக்கிட்ட இரிக்கட்டும் ராத்தா. எல்லாத்தையும் ஒரு கொட்டிலுக்க வெச்சித்தான் நான் பிழை விட்ட. வைகாசியில வந்து எடுக்கன். காத்துப் படுற இடமாப் பாத்துக் கொளுவுங்க."

றமீஸா இரண்டு கையாலும் வாங்கினார்.

பெருநாள் முடிந்து இன்று ஐந்தாம் நாள். தவராசாவின் விதை எங்கள் மண்டபத்து ஜன்னல் கம்பியில், கடற்காற்றுக்கு முகம் கொடுத்துத் தொங்குகிறது. நான் தொடக்கூடாது என்று உத்தரவு. வீடு றமீஸாவுடையது, குழாய் அவருடையது, இப்போது விதைக்குப் பொறுப்பும் அவரே. என் பங்குக்கு மிஞ்சியது, நோன்பு பதினாறு காலையில் நான் சொன்ன "ஒருத்தரும் ஊத்தல்ல" என்ற வாக்கியத்துக்கான திருத்தம்.

அதைத்தான் இந்த வாரம், இந்தப் பத்தியாக வெளியிட்டிருக்கிறேன்.